அழித்த பிறகும் கேட்ட குரல்

ஹாலிலிருந்து அந்தக் குரல் கேட்டது. பூசை முடிவில் மக்களுக்கு ஆசீர் கொடுக்கும் குரல். அடுப்படியில் தேநீர் கலக்கிக்கொண்டிருந்த ஜூலியானா, கையில் கரண்டியோடு சிலுவை போட்டு "ஆமென்" என்றாள். அப்புறம்தான் உறைத்தது. பெர்னார்டின் குரலை அவள் நேற்றே அழித்துவிட்டாளே!

"என்னக்கா, அங்கிருந்தே ஆமென் சொல்றீங்க!" கணினி முன்னால் உட்கார்ந்திருந்த கோகுலன் சிரித்தான். அவனுக்கு மாக் மண்டினில் தொழிற்சாலை வேலை. மாலையில் வீடுகளுக்குப் போய்க் கணினி பழுது பார்ப்பான்.

"எப்படி தம்பி வந்துச்சு? எல்லாத்தையும் டிலீட் பண்ணி, குப்பைத்தொட்டியையும் காலி பண்ணேனே."

"டிலீட் பண்ணா ஃபைல் பேருதான்கா போகும். மேல வேற ஒண்ணு எழுதுற வரைக்கும் வீடியோ உள்ளதான் கிடக்கும். சும்மா தட்டிப் பாத்தேன், வரிசையா எழும்பி வந்துருச்சு."

"பிரைவேட் விண்டோவுலதானே பாத்தேன்…"

"அது நீங்க எங்க போனீங்கங்கறத மட்டும்தான் மறக்கும். நீங்க இறக்கி வெச்சத தொடாதுலா." அவன் கண்ணைச் சுருக்கினான். "ஆமா, சாமியார் பூசைய எதுக்குக்கா ஒளிஞ்சு பாத்தீங்க? ஆளுங்க ஒளிஞ்சு பாக்கறது வேற மாதிரி இருக்கும்!"

அவளால் சிரிக்க முடியவில்லை.

மார்க்கெட் ஸ்திரீட் புடவைக் கடையில், ஊரார் கல்யாணங்களுக்கெல்லாம் பட்டு விரித்துக் காட்டும் ஜூலியானா, தனக்கென்று ஒன்றை விரித்துப் பார்த்ததில்லை. இளவயதில் கோயில் பாடகர் குழுவில் பக்கத்தில் நின்று பாடிய பெர்னார்ட், ஒரு சாயங்காலம் பாடாங் கோத்தா கடற்கரையில், "ஜூலி, நான் சாமியாராகப் போறேன்" என்றான். இன்னொரு பெண்ணுக்காக விட்டுப் போயிருந்தால் அவளோடு சண்டை போட்டிருப்பாள். ஆண்டவரோடு என்ன சண்டை போடுவது?

வருஷங்கள் ஓடின. கோவிட் அடைப்பில், சாமியாராகிவிட்ட அவர் தைப்பிங்கிலிருந்து இணையத்தில் பூசை வைக்கத் தொடங்கினார். உலகமே பார்க்கலாம். அவளுக்கு மட்டும் அது திருட்டாகத் தோன்றியது. ஞாயிறுதோறும் தனி விண்டோவைத் திறந்து பார்த்தாள், பார்த்ததைச் சேமித்தாள். ஒரு பூசையில் அவர் இருமினார். அன்று முழுக்க இவளுக்குச் சோறு இறங்கவில்லை.

கோயில் அலுவலகக் கணினி கெட்டுப்போனதும், "என்னோடதை எடுத்துக்குங்க" என்று வாக்குக் கொடுத்தாள். அடுத்த வாரமே புதிய பங்குத் தந்தையின் பெயரை அறிவித்தார்கள். ஃபாதர் பெர்னார்ட்! அவர் உட்காரும் மேசைக்கு, அவரையே ஒளித்துவைத்த பெட்டியா போகும்? எல்லாவற்றையும் அழித்துவிட்டு, கோயிலுக்கு அனுப்புமுன் சரிபார்க்கக் கோகுலனைக் கூப்பிட்டாள்.

"பென்டிரைவ்ல போட்டுத் தரவா அக்கா? சாமி விஷயம், வீணாக்கக் கூடாது."

அவள் கை தானாக நீண்டது. பாதியில் மடங்கியது.

"வேணாம் தம்பி. வர்றவர நான் ஃபாதர்னு கூப்பிடணும். இது கையில இருந்தா எனக்கு வாய் வராது."

கோகுலனின் சிரிப்பு நின்றது. "ஓகேக்கா. ஆனா இந்த தடவை மேல எழுதி அழிச்சா, யார் வந்தாலும் எடுக்க முடியாது. நீங்களே தட்டுங்க." கைப்பேசியை எடுத்துக்கொண்டு, யாரும் கூப்பிடாமலே "ஹலோ" என்றபடி பால்கனிக்குப் போனான்.

திரையில் அந்த முகம் அப்படியே நின்றிருந்தது. காதோரம் நரைத்திருந்தது. பக்கத்தில் நின்று பாடிய நாளில் கருகருவென்று அடர்ந்த முடி. நரைத்தது எப்போது? யார் பக்கத்தில் இருந்தார்கள்? கண்ணாடித் திரையை விரலால் ஒருமுறை தடவினாள். பிறகு பொத்தானைத் தட்டினாள்.

பச்சைக் கோடு மெல்ல நகர்ந்தது. அது முடிந்த பிறகுதான் அவன் உள்ளே வந்தான். தேநீரில் ஆடை படிந்தது.

கோகுலன் கணினியைப் பெட்டியில் வைத்துத் தூக்கினான். வாசலில் திரும்பினான்.

"கோயில்ல இறக்கிடறேன்கா. ஃபாதருக்கு ஏதாச்சும் சொல்லணுமா?"

எவ்வளவோ சொல்லணும்.

"ஸ்பேஸ் பட்டன் கொஞ்சம் இறுக்கம். அழுத்தித் தட்டச் சொல்லு."

லிஃப்ட் அவனை இறக்கிக்கொண்டு போகும்வரை நின்றாள். பிறகு கதவைச் சாத்தினாள்.