கிராபிக்ஸ் கார்டில் உப்புக்காற்று பட்டுவிட்டதாம்!

என் தம்பிக்குக் கப்பலில் வேலை. பெரிய கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு கப்பலேற முடியாது என்பதால் லேப்டாப்தான் வைத்திருக்கிறான்.

லீவுக்கு வந்தவன் வி.ஆர். கேம் விளையாட ஆசைப்பட்டு, லேப்டாப்புக்கு வெளியே மாட்டுகிற கிராபிக்ஸ் கார்டு ஒன்றைக் கடலோரத்தில் இருக்கும் நம்மூர்க் கடையில் வாங்கினான். பத்து நாளாகியும் லேப்டாப் அதைக் கண்டுகொள்ளவே இல்லை. ஞாயிற்றுக்கிழமை அவன் கிளம்ப வேண்டும்.

இன்று காலை இருவரும் எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு கடைக்குப் போனோம். கடைக்காரர் பெட்டியைத் திறந்துகூடப் பார்க்கவில்லை.

"உப்புக்காத்து பட்டிருக்கும்மா. வாரண்டி கெடையாது."

எனக்கு வந்ததே கோபம்!

"அண்ணாச்சி, நீங்க என்ன கோயம்புத்தூர்லயா கடை போட்டிருக்கிய? இங்கனயும் அதே காத்துதான அடிக்கு?"

"இது டெக்னிக்கல் விஷயம், உங்களுக்குப் புரியாது" என்று சொல்லிவிட்டுத் தம்பியிடம் திரும்பிக்கொண்டார்.

"விடுக்கா, போவோம்" என்றான் அவன்.

"சும்மா இருல."

ஷோகேஸில் இருந்த அதே மாடல் பெட்டியைத் திறக்க வைத்தேன். அதிலிருந்த கேபிள் தடிமனாக, முனையில் மின்னல் குறியோடு இருந்தது. எங்களுக்குக் கொடுத்தது வெறும் போன் சார்ஜர் கேபிள்! மாற்றி மாட்டியதும் லேப்டாப் கார்டைக் கண்டுகொண்டது.

தம்பிக்கு முகமெல்லாம் சிரிப்பு. பத்து நாள் லீவு வீணாய்ப்போன ஆத்திரம் எனக்குத்தான்.

"கேபிள் மாறிட்டு போல" என்றார் கடைக்காரர். ஒரு 'சாரி' கிடையாது.

கிளம்பும்போது சொல்கிறார்: "நம்ம கடைக்கு ஆன்லைன்ல நல்லதா ஒரு ரிவ்யூ போட்டுருங்கம்மா."

எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன். எத்தனை ஸ்டார் கொடுக்கலாம், நீங்களே சொல்லுங்கள்.