நாற்றம் நின்றுபோன தொட்டி

ராஜகீழ்ப்பாக்கத்தில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பு. அதன் தரைக்கடியில் இருக்கும் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தை நானும் என் அக்கா வீட்டுக்காரரும்தான் பார்த்துக்கொள்கிறோம். அழுக்கைத் தின்பவை கண்ணுக்குத் தெரியாத கிருமிகள். அவற்றுக்குக் காற்று ஊதிக்கொண்டே இருப்பதுதான் எங்கள் வேலை. காற்று நின்றால் தொட்டி அழுகிவிடும்.

போன மழைக்காலத்தில் கரண்ட் போய், ஜெனரேட்டரும் மக்கர் பண்ணி, ஒரு நாள் முழுக்கக் காற்று நின்றது. மறுநாள் காலையில் கரண்ட் வந்த பிறகு பார்த்தால் முதல் தொட்டியின் மோட்டாரும் ஓடவில்லை. வேறென்ன, டயபர்தான் சிக்கியிருக்கும். கக்கூஸில் போடாதீர்கள் என்று லிஃப்டுக்குள் எழுதி ஒட்டினால், அந்தத் தாளையே கிழித்துப் போடுகிற புண்ணியவான்கள்!

மூடியைத் திறந்ததும் அழுகின முட்டை நாற்றம். தொட்டிக்குள் கிடக்கும் மோட்டாரைத் தூக்கும் சங்கிலியைப் பிடித்து இருவரும் இழுத்தோம். மோட்டார் அசையவில்லை. கடப்பாரை எடுத்துவர நான் மேலே செக்யூரிட்டி அறைக்குப் போனேன். தேடி எடுக்கக் கொஞ்சம் நேரமாகிவிட்டது.

திரும்பிப் படியிறங்கும்போதே நாற்றம் மூக்கைத் துளைத்தது. மாமா சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு, தொட்டிக்குள் போகும் இரும்பு ஏணியில் இடுப்பளவு இறங்கியிருந்தார்.

"நாத்தம் சுத்தமா பூட்ச்சு மச்சான். கேஸெல்லாம் வெளிய போய்ட்டுக்கீது. ரெண்டு நிமிஷத்துல எடுத்துகினு வந்துர்றேன்."

எனக்கு இவ்வளவு அடிக்கிற நாற்றம் அவருக்கு அடிக்கவில்லையென்றால், செத்துப்போனது அவர் மூக்குதான். அந்த வாயு முதலில் மூக்கை மழுங்கடிக்கும், அப்புறம் ஆளையே சாய்த்துவிடும் என்று வேலைக்குச் சேர்ந்தபோது இருவருக்கும்தான் சொன்னார்கள்.

"மாமா, மேல வா! ஏறு மாமா!"

"இன்னாத்துக்குடா கத்தினுகீற?"

பதில் சொல்ல நேரமில்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு குப்புறப் படுத்து, அக்குளில் கைகொடுத்து இழுத்தேன். முழங்கால் சிராய்த்ததில் வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டே ஏறினார். வெளிவாசலுக்குத் தள்ளிக்கொண்டு போன பிறகுதான், தலை சுற்றுகிறதென்று சுவரைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தார்.

வெயிலில் உட்கார்ந்து டீ குடித்தோம். பாதி டீயில் மாமா கேட்டார்.

"நான் உள்ள வுழுந்திருந்தா நீ இன்னா பண்ணியிருப்ப?"

"ஃபயர் சர்வீசுக்கு போன் பண்ணிட்டு வெளியவே நின்னிருப்பேன்."

பொய். யோசிக்காமல் இறங்கி நானும் விழுந்திருப்பேன். அது அவருக்கும் தெரியும்.

"அப்போ உங்க அக்கா..." என்று ஆரம்பித்தவர், டீயைக் கீழே வைத்துவிட்டு அழுதார்.