தக்கைக் கட்டை

புதுச்சேரி நெல்லித்தோப்பில் சைக்கிள் கடை வைத்திருக்கும் அல்போன்ஸின் வாயிலிருந்து ‘தெரியாது’ என்ற சொல்லைக் கேட்டவர் யாரும் இல்லை. செயின் ஏன் கழல்கிறது என்று கேட்டாலும் பதில் வரும், மழை ஏன் பெய்யவில்லை என்று கேட்டாலும் பதில் வரும். பாதி சரியாக இருக்கும். மீதிப் பாதியைக் கேட்டவர்களே மறந்துவிடுவார்கள். முப்பத்தோரு வருஷம் இப்படி ஓட்டியதில் மனிதருக்குத் தன் வாய்மேல் தனக்கே பக்தி வந்துவிட்டது.

ஆனால் கை சுத்தம். வேலையில் ஏமாற்றியதில்லை. ஓவராயிலுக்கு விட்ட வண்டியில் பால்ரஸ் குண்டு ஒன்று தேய்ந்திருந்தாலும் மாற்றிவிட்டுத்தான் கொடுப்பார். எதையும் தூக்கிப் போடவும் மாட்டார். உடைந்த பெடல், வளைந்த சக்கரக் கம்பி, பாதி டியூப் எல்லாம் தகரப் பெட்டிகளில் வரிசையாகக் கிடக்கும். அவர் மனைவி ஆனந்தமேரி கன்னியாஸ்திரீகளின் பள்ளியில் எட்டாவதுவரை படித்தவள். பிரெஞ்சு எழுத்துக் கூட்டிப் படிப்பாள். தெருவில் பிரெஞ்சுப் பென்ஷன் வாங்கும் விதவைகளுக்குக் கடிதம் வந்தால் அவளிடம்தான் கொண்டுவருவார்கள். அந்த விஷயத்தில் மட்டும் அல்போன்ஸ் வாயைத் திறப்பதில்லை.

இரண்டாயிரத்து ஏழு ஜனவரியில் ஒரு புதன்கிழமை கியோம் கடைக்கு வந்தான். ரெட்டியார்பாளையத்து ஜோசஃபின் மதாமின் மகன். நாற்பத்திரண்டு வயது, பிரான்ஸில், லியோன் நகரத்துத் தபால் இலாகாவில் வேலை. அரைக்கால் சட்டைப் பருவத்தில் அவன் ஓட்டிய முதல் வண்டியே அல்போன்ஸ் பூட்டிக் கொடுத்ததுதான். விடுமுறைக்கு வரும்போதெல்லாம் வண்டியும் கையுமாக இங்கேதான் வருவான். அல்போன்ஸுக்கு அதில் பெருமை. அவனைப் பற்றிப் பேசும்போது ‘நம்ம கியோம்’ என்றுதான் சொல்வார்.

இந்தத் தடவை வண்டியில் புதுச் சக்கரங்கள். இரண்டும் கார்பன். ரிம் நான்கு விரல் உயரம், கறுப்பு. தட்டிப் பார்த்தால் காலிப் பிளாஸ்டிக் குடம்போலச் சத்தம்.

“அண்ணே, இதுக்காவ ஒரு வருசம் காத்திருந்தேன். பழய சக்கரத்த வித்துட்டு, இத பிளேன்ல கூடவே தூக்கியாந்தேன். ஞாயித்துக்கெழம கூட்டாளிங்களோட ஏற்காடு போறோம். சைக்கிள்லயே ஏறி, சைக்கிள்லயே எறங்கறது. முழுசா ஒரு தடவ பாத்துக் குடுங்க. நான் காரைக்கால்ல ஒரு கல்யாணத்துக்குப் போறேன், சனிக்கெழம வந்து எடுத்துக்கறேன்.”

“இந்த சக்கரத்துக்கு எதுனா தனியா பாக்கணுமா அண்ணே, தெரியும்ல?” என்றும் கேட்டான்.

“எல்லாம் தெரியும் தம்பி, நீங்க கல்யாணத்த பாருங்க” என்றார் அல்போன்ஸ். வழக்கம்போல வாய்தான் சொன்னது.

மறுநாள் வண்டியைத் தலைகீழாக நிறுத்தி வேலையைத் தொடங்கினார். செயினைக் கழுவினார், கியர் கம்பிகளை மாற்றினார். பிரேக்கைக் கழற்றியதும் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ரப்பர் கட்டை இருக்க வேண்டிய இடத்தில் மஞ்சளாக என்னவோ இருந்தது. நகத்தால் கீறினார், பொடிந்தது. மோந்து பார்த்தார். தக்கை! ஒயின் பாட்டிலை மூடுகிற அதே தக்கை.

புதுச்சேரிக்காரருக்குத் தக்கை தெரியாதா என்ன? ஊரில் தெருவுக்கு நாலு பாட்டில் திறக்கிறார்கள். அல்போன்ஸ் கணக்குப் போட்டுவிட்டார்: அவசரத்துக்குக் கட்டை கிடைக்கவில்லை, பிள்ளை பாட்டில் தக்கையை அறுத்துச் செருகியிருக்கிறான். பிரான்ஸில் வேலை பார்க்கிறவன், ஒரு வருஷம் காத்திருந்து சக்கரம் வாங்கியவன், பிரேக்குக்கு இப்படியா செய்வான்? பாவமாக இருந்தது. அதோடு ஒரு தீர்மானமும் செய்தார். இதை அவனிடம் சொல்லக் கூடாது. சொன்னால் பிள்ளைக்குக் கூச்சமாகிவிடும்.

அவரிடம் ஒரு பெட்டி இருந்தது. மூன்று வருஷத்துக்கு முன்பு ஊரைக் காலி செய்துகொண்டு போன ஒரு வெள்ளைக்காரர் விட்டுப்போனது. உள்ளே ரேஸ் வண்டிக்கான நான்கு கறுப்பு ரப்பர் கட்டைகள், பிரிக்காதவை. இந்த ஊரில் வேறு எந்தக் கடையிலும் அப்படிக் கிடைக்காது. நல்ல வண்டி வரட்டும் என்று பொத்திப் பொத்தி வைத்திருந்தார். அதை எடுத்தார். நகம் பதியவில்லை. தரையில் போட்டால் துள்ளியது. கட்டை என்றால் இதல்லவா கட்டை! நான்கையும் பூட்டினார். இதற்குத் தனியாகக் காசு கேட்பதில்லை என்றும் முடிவு செய்தார். நம்ம கியோமுக்குச் செய்கிறோம், இதிலென்ன.

தெருக்கோடிவரை ஓட்டிப் பார்த்தபோது பிரேக் கிறீச்சிட்டது. ரிம்மில் கறுப்பாக ஒரு கோடும் விழுந்தது. “புதுக் கட்ட, ரெண்டு நாள் கத்தும்” என்று தனக்குத்தானே பதில் சொல்லிவிட்டுத் துணியால் துடைத்தார். எண்ணெய் பாட்டிலின் மூடி ஒரு வாரமாகக் காணவில்லை. தக்கைக் கட்டைகளில் ஒன்றைச் செதுக்கி அதில் செருகினார். அளவாகப் பொருந்தியது. மீதி மூன்றும் தகரப் பெட்டிக்குள் போயின.

சனிக்கிழமை மத்தியானம் கியோம் காரோடு வந்தான். பிரேக்கைக் கையால் அமுக்கிப் பார்த்தான், நன்றாகப் பிடித்தது. கட்டையைக் குனிந்து பார்க்கவில்லை. வேலைக்கு விட்டது அல்போன்ஸிடம், அப்புறம் என்ன குனிந்து பார்ப்பது? வண்டியைக் கார் மேல் கட்டிக்கொண்டு போய்விட்டான். சக்கரம் வந்த துணிப்பைகள் இரண்டும் கடையிலேயே கிடந்தன.

சாப்பாடு கொண்டுவந்த ஆனந்தமேரி, சும்மா இருக்க முடியாமல் அந்தப் பைகளை உதறி மடித்தாள். உள்ளேயிருந்து ஒரு காகிதம் விழுந்தது. மடித்த காகிதம், முழுக்கப் பிரெஞ்சு. அல்போன்ஸ் சாம்பார் சாதத்தில் கை வைத்திருந்தார். அவள் எழுத்துக்கூட்டிப் படித்துக்கொண்டே வந்தவள் ஓரிடத்தில் நின்றாள்.

“ஏங்க, லியேஜ்னா தக்க. தக்கக் கட்டதான் போடணும்னு போட்ருக்கான்.”

“எதுக்கு?”

“இந்த சக்கரத்துக்கு. ரப்பர் கட்ட போடவே கூடாதாம். நீளமான எறக்கத்துல பிரேக்க புடிச்சா ரிம் சூடாவுமாம், அந்தச் சூடு வெளிய போவாதாம். ரிம் எளகி உடைஞ்சிடும், டயர் கழண்டுக்கும்னு போட்ருக்கான்.” அவள் நிமிர்ந்தாள். “நீங்க இன்னா போட்டீங்க?”

அல்போன்ஸ் பிசைந்த சோற்றை வாயில் வைக்கவில்லை. சொல்லச் சொல்ல அவருக்கே எல்லாம் விளங்கிவிட்டது. இரும்பு ரிம் சூட்டைத் தாங்கும், காற்றில் விடும். அதற்குக் கெட்டிக் கட்டை. இது சூட்டைத் தனக்குள்ளேயே வைத்துக்கொள்ளும். இதற்கு மெத்தென்று கட்டை இருந்து, கட்டைதான் தேய வேண்டும், ரிம் நோகக் கூடாது. இவ்வளவு எளிய விஷயம். அந்தக் கறுப்புக் கோடும் கிறீச்சும் அதைத்தான் அவரிடம் சொல்லியிருந்தன.

கையைக் கழுவிக்கொண்டு தகரப் பெட்டியைக் கவிழ்த்தார். மூன்று தக்கைகள். நான்காவது எண்ணெய் பாட்டிலின் வாயில் ஊறிப்போய் நின்றது. எண்ணெய் குடித்த கட்டை எந்த ஜென்மத்தில் பிரேக் பிடிக்கும்? அதுவரை அவர் மனதில் ஓடிய திட்டம் இதுதான்: சும்மா ஒரு தடவை பார்க்கிறேன் என்று போய், ஓசைப்படாமல் பழையதையே மாட்டிவிட்டு வந்துவிடலாம் என்றிருந்தார். அந்த வழியைத் தன் கையாலேயே செதுக்கி அடைத்துவிட்டார்.

“மூணு கட்டைய வெச்சிக்கினு இன்னா பண்ணுவீங்க? போய்ச் சொல்லிட்டு வாங்க” என்றாள் ஆனந்தமேரி.

“சொன்னா கட பேரு இன்னா ஆவறது மேரி?”

“சொல்லலன்னா அந்தத் தம்பி இன்னா ஆவறது?”

ரெட்டியார்பாளையத்துக்கு மிதிக்கும்போது அல்போன்ஸுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. அறுபது வயதை எட்டிப் பார்க்கிற நேரத்தில், தான் மடியில் போட்டு வளர்க்காத குறையான பிள்ளையிடம் போய் எனக்கு ஒன்றும் தெரியாது என்று சொல்ல வேண்டும். வழியில் இரண்டு தடவை இறங்கி நின்றார். இரண்டு தடவையும் திரும்பவும் ஏறி மிதித்தார்.

கியோம் தாழ்வாரத்தில் பையைக் கட்டிக்கொண்டிருந்தான். வண்டி சுவரோரம் பளபளவென்று நின்றது. ஜோசஃபின் மதாம் நாற்காலியில் உட்கார்ந்து பயறு பொறுக்கிக்கொண்டிருந்தார். அல்போன்ஸ் சட்டைப் பையிலிருந்து மூன்று தக்கையையும் எண்ணெய் மூடியையும் எடுத்து நீட்டினார். சுற்றி வளைக்காமல் நடந்ததைச் சொன்னார். பாட்டில் தக்கை என்று நினைத்ததையும் சொன்னார்.

“எனக்குத் தெரியல தம்பி. தெரியும்னு சொல்லிட்டேன்.”

கியோம் எண்ணெய் மூடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பிறகு அவனுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. ஜோசஃபின் மதாமும் சிரித்தார்.

“பாட்டில் தக்கைன்னா நெனச்சீங்க! அண்ணே, லியோன்ல இத சொன்னா நம்பமாட்டானுங்க. உடுங்க. நான் பிரேக்க அமுக்கிப் புடிக்கிற ஆளு இல்ல. வளைவுக்கு வளைவு நிறுத்தி நிறுத்தி எறங்கிக்கறேன். ஒரு தடவதான, ஒண்ணும் ஆவாது.”

“வேற கட்ட வரவழைச்சிட்டு…”

“அங்கேர்ந்து வர பத்து நாள் ஆவும். எனக்கு அடுத்த சனிக்கெழம பிளேன். நீங்க காபி குடிங்க மொதல்ல.”

“அவனுக்குத்தான் கோவம் இல்லயே அல்போன்ஸ், அப்பறம் இன்னா? உக்காரு” என்றார் மதாம்.

அல்போன்ஸ் உட்கார்ந்தார். காபி நன்றாக இருந்தது. மனசு லேசாகிவிட்டது. சொல்ல வேண்டியதைச் சொல்லியாயிற்று, மன்னிப்பும் கிடைத்தாயிற்று, கடைப் பெயரும் பிழைத்தது. விடை பெற்றுக்கொண்டு கேட்டுக்கு வந்து தன் சைக்கிளை எடுத்தார்.

அங்கேதான் அவருக்கு வடிவேல் ஞாபகத்துக்கு வந்தான். தண்ணீர் கேன் போடுகிறவன். பதினோரு வருஷத்துக்கு முன்னால் அவன் வண்டியில் கட்டை தேய்ந்து தகரம் தெரிந்தது. மாற்றச் சொன்னார் அல்போன்ஸ். நாளைக்கு மாத்திக்கலாம் அண்ணே, ஒண்ணும் ஆவாது என்று அவன் ஏறிப் போனான். அன்றைக்கே கோரிமேட்டு இறக்கத்தில் பஸ்ஸுக்கு அடியில் வண்டியை விட்டான். இடது முட்டி இன்றைக்கும் மடங்காது. ஆஸ்பத்திரி வாசலில் நின்று ‘நான் அப்பவே சொன்னேன்’ என்று அல்போன்ஸ் எல்லோரிடமும் சொன்னார். பொய்யில்லை, சொல்லத்தான் செய்தார். பதினோரு வருஷமாக அதையேதான் தனக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறார். வடிவேல் காலை இழுத்துக்கொண்டு கடையைத் தாண்டிப் போகிற நேரத்தில் மட்டும் அது எடுபடுவதில்லை.

சைக்கிளைத் திரும்பவும் ஸ்டாண்டு போட்டார். தாழ்வாரத்துக்கு வந்து, வண்டிக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, பையிலிருந்து திருகாணி கழற்றும் அலன் கீயை எடுத்தார்.

“இன்னாண்ணே பண்றீங்க?”

“என் கட்டைய எடுத்துக்கறேன் தம்பி.”

“அண்ணே, வெளையாடாதீங்க.”

“இதுக்கு நான் காசு வாங்கல. அதனால இது என்னுது.” முன்பக்கத்துக் கட்டை இரண்டும் வெளியே வந்துவிட்டன.

கியோமின் முகம் மாறியது. “நான்தான் மன்னிச்சிட்டேன்ல? தப்பு உங்க மேலன்னு நான் ஒரு வார்த்த சொன்னேனா?”

“அது உங்க பெரிய மனசு. மலைக்கு அது தெரியாதே.”

“நாளைக்கு விடியக்கால நாலு மணிக்கு ரெண்டு பேர் எனக்காவ மெட்ராஸ்லேர்ந்து கெளம்பறாங்க. லீவு முழுக்க கல்யாணம், கருமாதி, பேங்குன்னு சுத்தினேன். எனக்குன்னு வெச்சிருந்தது இது ஒண்ணுதான். உங்களால ஏற்கெனவே கெட்டது போறாதா?” குரல் ஏறியது. பிரெஞ்சில் என்னவோ சொன்னான். ஆனந்தமேரி பக்கத்தில் இல்லாததால் அது இன்னதென்று அல்போன்ஸுக்குப் புரியவில்லை. புரிய வேண்டிய அவசியமும் இல்லை.

பின்பக்கத்து இரண்டாவது கட்டை கொஞ்சம் இறுகியிருந்தது. அவரே இறுக்கியது. கழற்ற நேரமாயிற்று. ஜோசஃபின் மதாம் பயற்றுத் தட்டை மடியில் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார். அவர் தடுக்கவில்லை என்பதை அல்போன்ஸ் கவனித்தார்.

“இனிமே ஒங்க கடப் பக்கம் வரமாட்டேன்” என்றான் கியோம். ‘அண்ணே’ போய்விட்டது.

“சரி தம்பி” என்றார் அல்போன்ஸ். நான்கு கட்டையையும் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். பிரேக் இல்லாத வண்டியை விழாதபடி சுவரில் சரியாகச் சாய்த்து வைத்துவிட்டு வந்தார்.

திரும்பி வருகிற வழியெல்லாம் அவருக்கு அழுகை வந்தது. வழியில் தெரிந்தவர் யாரோ கையை ஆட்டினார்கள், இவரும் ஆட்டினார். கடை வாசலில் ஆனந்தமேரி நின்றுகொண்டிருந்தாள்.

“சொன்னீங்களா?”

“சொன்னேன்.”

“மன்னிச்சிதா அந்தத் தம்பி?”

“மன்னிச்சாரு. காபியும் குடுத்தாங்க.” அல்போன்ஸ் கட்டைகளை எடுத்துப் பலகைமேல் வைத்தார். “அப்பறம் இத கழட்டிக்கினு வந்துட்டேன். இனிமே இந்தப் பக்கமே வரமாட்டாராம். ஊருக்குப் போற வரைக்கும் என்னிய திட்டிக்கினேதான் இருப்பாரு.”

அவள் கட்டைகளையும் அவர் முகத்தையும் பார்த்தாள்.

“திட்டட்டும் மேரி” என்றார் அல்போன்ஸ். “திட்டறதுக்கு ஆளு இருக்கணும்ல.”