உள்ளங்கைச் சீனி

றக்வானைக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டத்தில், கொழுந்து பறிக்கப் போகிறவர்களின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக்காம்பராவில் எனக்கு வேலை. சிங்களம் தண்ணீர் பட்ட பாடாய் வரும் என்று ஏகப்பட்ட தலைக்கனம் வேறு. டவுனிலிருந்து யார் வந்து பேசினாலும் தமிழில் சொல்ல என்னைத்தான் கூப்பிடுவார்கள்.

அப்படித்தான் ஒருநாள் இளம் டாக்டர் ஒருவரும் இரண்டு நர்ஸ்மாரும் வந்தார்கள். சீனி வருத்தத்தால், அதாவது நீரிழிவால், கண் போவதைப் பற்றிப் பேச்சு. எங்கள் லயத்து வரிசை வீடுகளின் ஆட்களோடு கீழ்க் கிராமத்துச் சிங்களப் பெண்களும் உட்கார்ந்திருந்தார்கள். கண்ணுக்குள் மெல்லிய இரத்தக் குழாய்கள் கசியும், வலி இருக்காது, தெரியவரும்போது பாதிப் பார்வை போயிருக்கும் என்றார் டாக்டர். கண் நன்றாகத் தெரிகிறவர்களும் வருடம் ஒருமுறை காட்ட வேண்டுமாம். எல்லாவற்றையும் மணிமணியாய்த் தமிழில் சொன்னேன்.

அம்மா முன்வரிசையில் இருந்தாள். பல வருடமாக அவளுக்குச் சீனி வருத்தம். அண்மையில் அவள் கூடையில் முத்தல் இலை கிடக்கிறதென்று கங்காணி ஏசியிருந்தார். அவள் கண்ணை நினைத்துத்தான் அன்றைக்குக் கொழுந்து பறிக்கப் போகவிடாமல் அவளை அங்கே இழுத்து வந்திருந்தேன்.

"தேத்தண்ணிக்குச் சீனி போடுறீங்களா?" என்று டாக்டருக்காகக் கேட்டேன்.

"இல்லைங்க" என்றார்கள் எல்லோரும். சிங்களப் பெண்களும் இல்லையென்றே தலையாட்டினார்கள்.

ஒருவரும் பொய் சொல்லவில்லை. கோப்பைக்குள் யார் சீனி போட்டார்கள்? இடது உள்ளங்கையில் குவித்து வைத்துக்கொண்டு, வெறும் சாயத்தண்ணியை ஒரு வாய் குடிப்பதும் சீனியை ஒரு நக்கு நக்குவதும்தானே எங்கள் வழக்கம். விடிந்தால் ஒருதரம், மலையில் ஒருதரம், வீட்டுக்கு வந்ததும் ஒருதரம். அம்மாவின் இடது கை எப்போதும் பிசுபிசுவென்றே இருக்கும்.

அம்மாவின் விரலில் குத்திப் பார்த்த டாக்டர் என்னிடம் திரும்பினார். சீனியே போடாதவருக்கு இரத்தத்தில் எப்படி இவ்வளவு என்று கேட்டார்.

எனக்குத் தெரியும். வார்த்தை நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ஆனால் கொஞ்சம் முன்னர்தான் ஒரு நர்ஸ், 'எந்த டவுன் ஸ்கூலில் படித்தீர்கள்?' என்று என்னை மெச்சியிருந்தாள். அவள் முன்னால், நாங்கள் கையில் வைத்து நக்குகிற ஆட்கள் என்று எப்படிச் சொல்வது?

"சீனி போடுறதில்லதானம்மா?" என்றேன்.

அம்மா என் முகத்தைப் பார்த்தாள். "இல்ல" என்றாள். அதை அழகான சிங்களத்தில் டாக்டரிடம் சொன்னேன்.

அவர் மாத்திரையைக் கூட்டிக் கொடுத்து, கண்ணைக் காட்டும்படி கட்டாயமாகச் சொல்லிவிட்டுப் போனார். "அதான் மாத்திர கூட்டிட்டாரே" என்று அம்மா இழுத்தடித்தாள். நானும் வற்புறுத்தவில்லை. போனால் மறுபடி அதே கேள்வி வரும். ச்சீ, நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது.

பிறகு ஒரு காலை, அம்மா கரண்டியால் அள்ளிய சீனியை உள்ளங்கைக்கு வெளியே கொட்டினாள். வலது கண்ணுக்கு முன்னால் கரும்புகையாய் இருக்கிறதென்றாள். அடித்துப் பிடித்து இரத்தினபுரிக்குக் கூட்டிப் போனேன். அந்தக் கண்ணுக்கு இனி ஒன்றும் செய்ய முடியாது, சீனியைக் குறைத்தால் லேசர் சிகிச்சை செய்து மற்றதைக் காப்பாற்றப் பார்க்கலாம் என்றார் கண் டாக்டர். பிறகு கேட்டார், தேநீருக்குச் சீனி போடுவாரா என்று.

"வாயில கொழுக்கட்டையா?" என்று என்னிடம் முணுமுணுத்துவிட்டு, அம்மா இடது கையை விரித்து அவர் முன் நீட்டினாள். "அத்தே தியாகென லெவகனவா, தொஸ்தர மாத்தயா." கையில் வைத்து நக்குகிறேன் என்று, கடைத்தெருச் சிங்களத்தில், கொஞ்சமும் கூசாமல் சொன்னாள்.

டாக்டர் சிரிக்கவில்லை. தன் அம்மாவும் அப்படித்தான் குடிப்பாள் என்றார். எனக்கு அங்கேயே பூமிக்குள் புதைந்துவிடலாம் போலிருந்தது.

பஸ் ஸ்டாண்டில் கேட்டேன். "இவ்வளவு சிங்களம் தெரியுமே, அன்னைக்கே ஏம்மா சொல்லல?"

அம்மா என் தோளைத் தடவிப் பிடித்துக்கொண்டாள்.

"அன்னைக்கு எனக்குக் கண்ணு நல்லாத் தெரிஞ்சிச்சே. ஒம் மொகத்தப் பாத்தேன்."