மாடிக்குத் திரும்பிய ஆம்ப்ளிபயர்

'குற்றச்சாட்டு ஒன்று: ஜூன் ஒன்பதாம் தேதி, மாடியில் குடியிருக்கும் என் அக்கா, நான் பழுது பார்த்த ஆம்ப்ளிபயரை எனக்குத் தெரிவிக்காமல் வேறு கடைக்குக் கொடுத்தார்.' கார்பன் தாளை நேராக்கிக்கொண்டு இரண்டாம் குற்றச்சாட்டுக்குப் போகிறார் கண்டென்சர்.

தெரு வைத்த பெயர் அது. எந்தப் பெட்டி வந்தாலும், திறப்பதற்கு முன்பே "கண்டென்சர் போயிருக்கும்" என்று மின்தேக்கியைத்தான் சொல்வார். பெரும்பாலும் போயும் இருக்கும். பழைய புத்தகங்களைப் படித்துத் தானாகக் கற்ற தொழில். ரசீது, உதிரிபாகம் எதையும் எறிய மாட்டார். ஒவ்வொரு பாகத்திலும் வாங்கிய தேதியுடன் சீட்டு ஒட்டியிருக்கும். பழையதை முதலில் தீர்ப்பது அவருடைய முறை.

அக்கா பாட்டு டீச்சர். தம்பி பழுது பார்த்த ஆம்ப்ளிபயரோடு மாணவிகள் மேடையேறிய அன்று, கண்டென்சர் கடையின் சின்ன ஸ்பீக்கரில் கேட்காத ஓர் 'உர்ர்', அரங்கின் பெரிய ஸ்பீக்கரில் கடைசிப் பாட்டு வரை கூடவே பாடியது. அன்றிலிருந்து அக்கா தம்பியிடம் பேசுவதில்லை. படியில் எதிர்ப்பட்டால் சுவரைப் பார்த்தபடி இறங்குகிறார்.

இன்று அத்தான் அந்த ஆம்ப்ளிபயர் பெட்டியோடு வந்து, கழற்றிய பாகமொன்றை மேசையில் வைத்தார்.

"மாப்ளே, அந்தக் கடைக்காரன் இதைக் கழட்டிக் கையில கொடுத்துட்டான். 'போட்டவரையே போய்க் கேளுங்க'ங்கறான். ஞாயித்துக்கிழமை மறுபடி கச்சேரி. உங்கக்கா வாடகைப் பெட்டி எடுக்கறேன்னு நிக்கறா. இது என்னதான்யா பண்ணுது?"

"டயோடு கரண்டை ஒரே திசைக்குத் திருப்பும், அத்தான். ஆனா மேடும் பள்ளமுமாத்தான் வரும். மேடு வந்தா இது வாங்கி வச்சுக்கும். பள்ளம் வந்தா கொடுத்து நிரப்பும். நிரப்பலேன்னா ஸ்பீக்கர் உறுமும்."

"வாங்கி வச்சுக்கறது உனக்கும் நல்லா வரும். கொடுக்கறதுதான் பிரச்சினை."

கண்டென்சர் அந்த மின்தேக்கியை எடுத்து அளந்தார். மீட்டர் முள் அசைந்ததாகவே தெரியவில்லை. சீட்டைத் திருப்பினார். அவருடைய கையெழுத்துத்தான், தேதி பன்னிரண்டு ஆண்டுக்கு முந்தையது. டப்பாவில் சும்மா கிடந்தே உள்ளிருந்த திரவம் காய்ந்துபோயிருந்தது. சீட்டு இருக்கும் தைரியத்தில், அளக்காமலே மாட்டியிருக்கிறார்.

புதியதொன்றை வாங்கிவந்து, அளந்து, பிளஸ் மைனஸ் முனை பார்த்துப் பற்றவைத்தார். சின்ன ஸ்பீக்கரில் காதை வைத்தார். அதை நம்பி எதுவும் சொல்வதற்கில்லை.

குற்றச்சாட்டுத் தாளைக் கிழிக்கவில்லை. எதையும் கிழிக்கும் வழக்கமில்லை. அதன் பின்பக்கத்தில் எழுதி, பெட்டியின் மேல் ஒட்டி, அத்தான் கையில் கொடுத்தார்:

'பழுதான பாகம் என் கையிருப்பிலிருந்து, என்னால் போடப்பட்டது. மாற்றியாயிற்று. உறுமல் நின்றதா என எழுத்துமூலம் பதில் தரவும். நேரில் வந்து சொன்னாலும் ஏற்றுக்கொள்ளப்படும்.'