முன்ஃபோர்க்கு ஒழுகிய காலம்

ஞாயிற்றுக்கிழமை என்றால் ஊரில் மற்றவனுக்கெல்லாம் தூக்கம், சினிமா, தேக்கா மார்க்கெட்டில் ஆட்டுக்கறி. எனக்கு மட்டும் ஆயில் சீல். தோ பாயோவில் எங்கள் அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில், தூணுக்குப் பக்கத்தில், என் மோட்டார் சைக்கிள் முன்சக்கரம் இல்லாமல் ஒரு பழைய பீர்ப் பெட்டியின் மேல் உட்கார்ந்திருக்கும். அதன் எதிரில் செய்தித்தாளை விரித்து நான் குந்தியிருப்பேன். லிஃப்டுக்குப் போகிறவர்கள் எல்லாம் "மறுபடியுமா?" என்று கேட்டுவிட்டுத்தான் போவார்கள். கேட்டவர்களில் ஒருவராவது குனிந்து ஒரு ஸ்பானரை எடுத்துக் கொடுத்திருப்பாரா? ம்ஹூம்.

எழுபதுகளின் கடைசி அது. ஜூரோங்கில் கப்பல் பட்டறை ஒன்றில் வெல்டர் வேலை. வாரம் முழுக்க இரும்புச் சூட்டில் வெந்துவிட்டு வருகிறவனுக்குக் கிடைக்கிற ஒரே ஒரு நாளையும் அந்த வண்டி தின்றது.

முன்ஃபோர்க்கு ஒன்றும் பெரிய வித்தை இல்லை. ஹேண்டில்பாருக்குக் கீழே இரண்டு பக்கமும் பளபளவென்று இறங்குகிற குரோம் குழாய்கள். அவை கீழே இருக்கும் தடித்த குழாய்களுக்குள் நுழைந்து நுழைந்து வெளியே வரும். உள்ளே ஸ்பிரிங்கும் எண்ணெயும். பள்ளத்தில் இறங்கும்போது அடியை அதுதான் வாங்கிக்கொள்ளும். குழாயும் குழாயும் சேருகிற இடத்தில் எண்ணெய் வெளியே வராமல் பிடித்துக்கொள்ள ஒரு ரப்பர் வளையம். அதுதான் ஆயில் சீல். அது கெட்டால் எண்ணெய் வழிந்து, சக்கரத்தின் நடுவில் இருக்கும் பிரேக்குக்குள் இறங்கும். எண்ணெய் பட்ட பிரேக் பிடிக்காது. ஆகவே இது அழுக்குச் சமாச்சாரம் இல்லை, உயிர்ச் சமாச்சாரம். மற்றவன் வண்டியில் ஒரு சீல் வருஷக்கணக்கில் உழைக்கும். என் வண்டியில் மாதம் தாண்டவில்லை.

ஃபேரர் பார்க் பக்கத்துச் சந்தில் ஒரு சீன மெக்கானிக் இருந்தான். மலாயில்தான் பேசிக்கொள்வோம். என் வண்டிச் சத்தம் கேட்டாலே எழுந்து வந்து, "போச்சோர் லாகி?" என்று சிரிப்பான். மறுபடியும் ஒழுகுகிறதா என்று அர்த்தம். முதலில் ரோடு சரியில்லை என்றான். பிறகு, பின்னால் உட்காருகிற என் மனைவி கனம் என்றான். அவளைப் பார்த்திருந்தால் அப்படிச் சொல்லியிருக்கமாட்டான். காற்றடித்தால் பிடித்துக்கொள்ள வேண்டிய உடம்பு. பிறகு சீல் போலி என்றான். ஒரிஜினல் போட்டோம், அதுவும் ஒழுகிற்று. கடைசியில் கையை விரித்துவிட்டு, வண்டியை விற்றுவிடு என்றான். அவனுக்கும் என்னைப் பார்த்துப் பார்த்து அலுத்துப் போயிருக்கும்.

அதன்பிறகு நானே கழற்றிப் பூட்டக் கற்றுக்கொண்டேன். சக்கரத்தைக் கழற்று, குழாயை உருவு, பழைய எண்ணெயை வடி, ஸ்க்ரூ டிரைவரால் சீலை நெம்பி எடு, புதியதை நேராக வைத்துத் தட்டி இறக்கு. இரண்டு பக்கமும் எண்ணெய் ஒரே அளவு இருக்கவேண்டும். அதற்குக் குழந்தைக்குப் பால் கொடுக்கிற கோடு போட்ட புட்டி ஒன்று வாங்கி வைத்திருந்தேன். எங்களுக்கு அப்போது குழந்தை இல்லை. அந்தப் புட்டியைப் பார்த்துவிட்டு எதிர்வீட்டு அக்கா என் மனைவியிடம் விசேஷமா என்று கேட்டு, அவள் வெட்கப்பட்டு, எனக்குத்தான் திட்டு விழுந்தது.

அவளைப் பற்றிச் சொல்லவேண்டும். எங்கள் கல்யாணத்துக்கு முன்பே அவளுடைய அண்ணன் மோட்டார் சைக்கிள் விபத்தில் போய்விட்டார். ஒரே அண்ணன். ஆகவே நான் வண்டி வாங்கப் போகிறேன் என்று சொன்ன அன்று அவள் சாப்பிடவில்லை. பஸ்ஸில் போனால் ஜூரோங்குக்கு எத்தனை பஸ் மாறவேண்டும், விடியுமுன் எத்தனை மணிக்கு எழுந்திருக்கவேண்டும் என்று நான் கத்தினேன். அடுத்த நாள், "சரி, வாங்குங்க. ஆனா வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை நான் விபூதி போட்டப்புறம்தான் வண்டிய எடுக்கணும்" என்றாள். என் நெற்றியில் வைக்கிறேன் என்று சொல்லிவிடப் போகிறாளே என்று பயந்துகொண்டிருந்தேன். வெல்டிங் முகமூடிக்குள் வேர்வையோடு விபூதி கண்ணில் இறங்கினால் எரிச்சல் உயிர் போகும். வண்டிக்குத்தானே, தாராளமாகப் போடு என்றேன். நெற்றியை அவள் கேட்கவே இல்லை. தப்பித்தேன் என்றிருந்தது.

தோ பாயோ கோயிலில் பூஜை போட்டு வந்த முதல் வெள்ளிக்கிழமை, தட்டோடு கீழே இறங்கி வந்தாள். விளக்குக்கு ஒரு பொட்டு, பெட்ரோல் டாங்கிக்கு ஒரு பொட்டு. பிறகு குனிந்து குரோம் குழாய்களைப் பார்த்தாள்.

"இது ரெண்டும் கை மாதிரியே இருக்குங்க. சாமி கையில போடற மாதிரி போடறேன்."

விபூதியையும் சந்தனத்தையும் தண்ணீரில் குழைத்து, இரண்டு குழாயிலும் மூன்று மூன்று பட்டையாக இழுத்தாள். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. "துடைச்சிடாதீங்க. தானா உதிரணும்" என்றாள். எனக்கென்ன, துடைக்காமல் விடுகிற சோம்பேறித்தனம்தான் நிறைய உண்டே.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் நாங்கள் விழுந்தோம். ஃபேரர் பார்க்கில் அவள் அம்மா வீட்டில் மத்தியானம் சாப்பிட்டுவிட்டு மழையில் திரும்பிக்கொண்டிருந்தோம். பாலஸ்டியர் ரோட்டில் ஒரு சந்திப்பில் சிவப்பு விழுந்தது. முன்னால் லாரி. முன்பிரேக்கை அழுத்தினேன், வெறும் கையைப் பிசைவது மாதிரி இருந்தது. பின்பிரேக்கை மிதித்ததில் வண்டி வழுக்கிச் சாய்ந்து, லாரியின் பின்சக்கரத்துக்கு ஒரு முழம் முன்னால் நின்றது. அவளுக்கு முழங்காலில் சிராய்ப்பு, எனக்கு முழங்கையில். எழுந்ததும் முதலில் அவளைத் தூக்கி நிறுத்தினேன். பிறகு வண்டியை நிமிர்த்தி ஓரமாகத் தள்ளினேன்.

அவளோ சேலையைக்கூட உதறாமல் குழாயில் ஒட்டியிருந்த பட்டைகளைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "பாத்தீங்களா? இது மட்டும் இல்லேன்னா இன்னிக்கு என்ன ஆயிருக்கும்? இனிமே செவ்வாய்க்கிழமையும் சேத்துப் போடணும்லா."

அப்படியே ஆயிற்று. செவ்வாய், வெள்ளி இரண்டு நாளும், முன்னைவிடக் கெட்டியாக.

அந்த வாரமே சீலை மறுபடி மாற்ற உட்கார்ந்தேன். இந்த முறை கீழே மழைச் சாரல் அடித்ததால் குழாய்களைத் தூக்கிக்கொண்டு வீட்டுச் சமையலறைக்கே வந்துவிட்டேன். அவள் வேலை செய்கிற ரேடியோ கம்பெனியில் ஞாயிறு ஓவர்டைம். வீட்டில் யாரும் இல்லை. சீலுக்கு மேல் ஒரு ரப்பர் மூடி உண்டு. அதைத் தூக்கினேன். அடியில் சாம்பல் நிறத்தில் ஏதோ அப்பிக் கிடந்தது. இத்தனை நாளும் கீழ்த்தளத்து அரைவெளிச்சத்தில் ரோட்டுத் தூசி என்று துடைத்துப் போட்டிருந்தேன். இப்போது நகத்தால் சுரண்டி விரலில் தேய்த்தேன். நறநறவென்றது. மூக்கில் வைத்தேன்.

சந்தனம்.

எண்ணெய் நாற்றத்துக்கு நடுவில், சந்தேகமே இல்லாமல், சந்தனம். காய்ந்த பட்டை ஒவ்வொரு பள்ளத்திலும் குழாயோடு சேர்ந்து உள்ளே இறங்கி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்த மாதிரி சீலை அறுத்திருக்கிறது. குரோம் குழாயிலும், பட்டை போடுகிற அதே இடத்தில், மெல்லிய கீறல்கள். சிரிப்பு வந்தது. அப்புறம் அந்த லாரிச் சக்கரம் ஞாபகம் வந்து சிரிப்பு நின்றது. எது எங்களைக் காப்பாற்றியது என்று அவள் கண்ணில் ஒற்றிக்கொண்டாளோ, அதுதான் எங்களைத் தள்ளிவிட்டிருக்கிறது. இதை அவளிடம் எந்த வாயால் சொல்வது? அதுவும் அண்ணனை ரோட்டில் பறிகொடுத்தவளிடம்? அடுப்படியில் கையெல்லாம் எண்ணெயோடு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். அவ்வளவு அலுப்பு எனக்குப் பட்டறையில்கூட வந்ததில்லை.

சொல்லவில்லை. கழிவு எண்ணெயைக் கொட்டி, புதுச் சீலைப் பூட்டினேன். பழைய சீலை மட்டும் எறிய மனம் வராமல் ஆணி டப்பாவில் போட்டுவைத்தேன். செவ்வாய் வந்தது. அவள் பட்டை போட்டாள், நான் தலையாட்டினேன். புளோக்கைத் தாண்டி வளைவில் அவள் கண்ணுக்கு மறைந்ததும் வண்டியை நிறுத்தி, ஈரக் கைக்குட்டையால் சுத்தமாகத் துடைத்தேன். துடைக்கும்போது யாராவது தெரிந்தவர்கள் பார்த்துவிடுவார்களோ என்று முதுகு கூசியது. சொந்த வண்டியைத் துடைக்க இப்படி ஒரு திருட்டுப் பிழைப்பு!

ஆனால் ஒழுகுவது நின்றது. மாதம் தாண்டியது, இன்னொன்றும் தாண்டியது. ஞாயிற்றுக்கிழமை தூங்கினேன். அவளுக்குப் பெருமை தாங்கவில்லை. "செவ்வாயும் சேத்துப் போட்டேன்ல, அதான் நின்னிருக்கு" என்று எதிர்வீட்டு அக்காவிடம் என் காதுபடச் சொன்னாள். நான் பேப்பரைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டேன்.

கைக்குட்டை காட்டிக்கொடுத்தது. வழக்கமாக நானே அலசிக் காயப்போடுவேன். ஒரு வெள்ளிக்கிழமை அசதியில் அப்படியே கால்சட்டைப் பையில் விட்டுவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் துணி துவைக்க உட்கார்ந்தவள், ஈரக் கையோடு கூடத்துக்கு வந்து என் முன்னால் அதை விரித்தாள்.

"என்னது இது?"

அதை வாங்கக் கை நீட்டினேன், அவள் பின்னால் இழுத்துக்கொண்டாள்.

"துடைக்கிறீங்களா? நான் போடப் போட நீங்க துடைச்சிக்கிட்டே இருக்கீங்களா? எத்தனை நாளா?"

"ஆமா, துடைக்கிறேன்!" எனக்கும் கோபம் வந்துவிட்டது. "துடைக்கலேன்னா இந்நேரம் நான் செத்திருப்பேன், தெரியுமா?"

சொல்லியிருக்கக்கூடாத வார்த்தை. அவள் முகம் வெளுத்தது. அள்ளவும் முடியாது, விழுங்கவும் முடியாது. எழுந்து போய் ஆணி டப்பாவிலிருந்து அந்தப் பழைய சீலை எடுத்து வந்து அவள் உள்ளங்கையில் வைத்தேன். "மோந்து பாரு" என்றேன். பார்த்தாள். எதனால் கிழிந்தது, எண்ணெய் எங்கே இறங்கும், எல்லாவற்றையும் தணிந்த குரலில் சொன்னேன்.

அப்படியே தரையில் உட்கார்ந்தாள். "அப்ப அன்னிக்கு மழையில நாம விழுந்தது?"

"பிரேக்ல எண்ணெய் இறங்கிடுச்சும்மா."

அந்த ரப்பர் வளையத்தை விரலில் திருப்பிக்கொண்டே இருந்தாள். அழுவாள் என்று நினைத்தேன், அழவில்லை. பிறகு என்னைப் பார்க்காமல் பேசினாள்.

"அண்ணனுக்கு தினமும் நான்தான் நெத்தில வச்சு அனுப்புவேன். அன்னிக்கு லேட்டாயிடுச்சு. தட்ட எடுத்துக்கிட்டு வரேன், நேரமாச்சு நேரமாச்சுன்னு படியில இறங்கி ஓடிட்டாரு. நில்லுண்ணேன்னு கத்துறேன், திரும்பிக்கூடப் பாக்கல. நான் தட்டோட நின்னேன்." மூச்சை இழுத்துவிட்டாள். "நெத்தி நிக்காதுங்க. ஓடிடும். வண்டி வச்ச எடத்துல நிக்கும். அதான் வண்டிக்குப் போட்டேன்."

அவள் ஏன் என் நெற்றியைக் கேட்கவில்லை என்பது அப்போதுதான் புரிந்தது. தப்பித்தேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேனே, மடையன்.

அடுத்த செவ்வாய் அவள் கீழே வரவில்லை. வெள்ளிக்கிழமை வந்தாள். தட்டில் விபூதி குழைத்திருந்தது, சந்தனம் இருந்தது. வண்டிக்கு முன்னால் வந்து நின்று குழாயைப் பார்த்தாள், விளக்கைப் பார்த்தாள், எங்கே போடுவது என்று தெரியாமல் தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அன்றைக்குப் பார்த்து எனக்கு நேரமாகிவிட்டது. பட்டறை வாசலில் தாமதமாகப் போய் நின்றால் ஃபோர்மன் நாள் முழுக்க வறுத்தெடுப்பான். ஹெல்மெட்டை மாட்டப் போனவன், அதைக் கழற்றி டாங்கியின் மேல் வைத்தேன்.

"எனக்கு வைம்மா."

"வேர்வையில கண்ணு எரியுமேங்க."

"எரியட்டும்."

"நிப்பீங்களா?"

"நிக்கிறேன்."

தலையைக் குனிந்தேன். மூன்று பட்டையும் கோணலாக விழுந்து, ஒரு துளி மூக்கில் வழிந்தது. அதைத் துடைத்துவிட்டு மறுபடி முதலிலிருந்து போட்டாள். புருவத்துக்கு நடுவில் சந்தனம் வைத்தாள். கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தாள், திருப்தியில்லை, கிட்டே வந்து சரிசெய்தாள். ஜூரோங் போகிற ரோடு நிரம்பிக்கொண்டிருக்கும் என்று எனக்குத் தெரியும். கால் மாற்றிக்கூட நிற்காமல் நின்றேன். வேண்டிய மட்டும் பார்த்து முடித்தபிறகு ஹெல்மெட்டை அவளே எடுத்து என் கையில் கொடுத்தாள்.

"நேரமாச்சு," என்றாள். "போங்க."