நவம்பர் பதினொன்றில் ஒரு படையல்

எங்கள் வீட்டில் ஒரு படையல் உண்டு. அதற்குத் திதி கிடையாது. என் கொள்ளுத்தாத்தாவின் தம்பி குருசுக்குப்பத்தில் வலை இழுத்துக்கொண்டிருந்தவர். முதல் உலகப் போருக்குப் பிரெஞ்சுக்காரர்களின் கப்பலில் ஏறிப் போனார். இறந்துவிட்டார் என்ற சேதி மட்டும் வந்தது. எந்த நாள் என்று யாரும் சொல்லவில்லை. தேதி தெரியாமல் எப்படிப் படைப்பது? போர் நின்ற நாளென்று கடற்கரைப் போர் நினைவுச் சின்னத்தில் அதிகாரிகள் மலர்வளையம் வைக்கும் நவம்பர் பதினொன்றையே குடும்பமும் எடுத்துக்கொண்டது. அன்று எங்கள் வீட்டிலிருந்து யாரும் கடலுக்குப் போவதில்லை.

நான் நகராட்சியில் பிறப்பு, இறப்புப் பதிவேட்டைப் பார்த்து ஓய்வு பெற்றவன். தேதி தப்பாக இருந்தால் எனக்கு இருப்புக் கொள்ளாது. போன வருடம், படையலுக்கு முதல் நாள், பிரான்சிலிருக்கும் மகள் இணையத்தில் தேடிப் பழைய ராணுவப் பதிவு ஒன்றை அனுப்பினாள். அவர் குண்டடி பட்டுச் சாகவில்லை. போர் முடிந்து ஒரு மாதம் கழித்து, அங்கே ஓர் ஆஸ்பத்திரியில் நிமோனியாவில் இறந்திருக்கிறார். ஆக, அவர் உயிரோடு இருந்த நாளில் நூறு வருடமாகச் சோறு படைத்துக்கொண்டிருக்கிறோம்.

மறுநாள் காலை, எண்பது வயதிலும் அடுப்பை விட்டுத்தராத அத்தையிடம் அந்தக் காகிதத்தை நீட்டினேன்.

"இது தப்பு அத்த. அன்னிக்கி அவரு சாகவே இல்ல, உயிரோடதான் இருந்தாரு. அடுத்த மாசத்துக்கு மாத்திடலாம்."

அத்தை காகிதத்தை வாங்கவில்லை. மீன் குழம்புக்குப் புளியைக் கரைத்து ஊற்றினார்.

"உயிரோட இருந்தாருன்னா பசிச்சிருக்கும்ல? போயி எல வாங்கினு வா."